மீதி 23 மணி நேரம்



மனநல மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு நேர்மறை உளவியல் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அரங்கில் செவிலியர் இருக்கிறீர்கள், சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள், பிள்ளையோடு வார்டில் தங்கிப் பார்த்துக்கொண்ட பெற்றோர் சிலரும் வந்திருக்கிறீர்கள். மூன்று தரப்புக்கும் பொதுவான ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

1969இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ட்ரீஷ்மன், ஜேம்ஸ் விட்டேகர், லாரி பிரெண்ட்ரோ என்ற மூவர் சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். ‘மீதி 23 மணி நேரம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். தங்கிச் சிகிச்சை பெறும் குழந்தை மருத்துவரோடு இருப்பது நாளுக்கு அதிகம் போனால் ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம்? எழுப்புவது, குளிக்க வைப்பது, சாப்பாடு, சண்டை, விளையாட்டு, தூங்கப் போகாமல் பிடிக்கும் அடம். புத்தகம் இவற்றுக்குத்தான் இடம் கொடுத்தது. காலையில் எழுப்புவதைப் பற்றித் தனியாக, சாப்பாட்டு நேரத்தைப் பற்றித் தனியாக, படுக்கைக்குப் போவதைப் பற்றித் தனியாக எழுதினார்கள். குழந்தை தேறுவதும் மோசமாவதும் அங்கேதான் என்பது அவர்கள் கட்சி. மருத்துவர் அறையில் எவ்வளவு நல்ல பேச்சு நடந்திருந்தாலும் சரி, வெளியே வந்ததும் சாப்பாட்டு வரிசையில் யாராவது “ஏய், உனக்குத் தனியாச் சொல்லணுமா?” என்று அதட்டினால், உள்ளே பேசியது அத்தோடு போயிற்று.

நேர்மறை உளவியல் பற்றி நான் இன்று சொல்லப்போவது எல்லாமே இந்தக் கணக்கை ஒட்டியதுதான். அதை ஒரு மணி நேர வகுப்பாக, ஒரு நோட்டுப் புத்தகமாக வார்டுக்குள் கொண்டுவந்தால் பெரிய பயன் இல்லை. சில பிள்ளைகளுக்குக் கெடுதலும் உண்டு. மீதி 23 மணி நேரத்தை மாற்ற நாம் தயாராக இருந்தால் அதற்கு இடம் இருக்கிறது.

நேர்மறை உளவியல் என்றதும் சுவரில் ஒட்டிய சூரியகாந்திப் படமும் ‘எல்லாம் நன்மைக்கே’ என்ற வாசகமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்தப் பெயர் வந்ததற்கு அந்தத் துறையினரும் ஓரளவு பொறுப்பு. ஆனால் ஆரம்பம் அப்படியல்ல. அதைத் தொடங்கிவைத்த உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் 1960களில் ஆராய்ந்தது மகிழ்ச்சியை அல்ல, மனம் விட்டுப்போய் முடங்குவதை. 1967இல் ஸ்டீவன் மேயரும் அவரும் வெளியிட்ட சோதனையில், என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் படுத்துக் கிடந்தன. அதே செலிக்மன் 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். மனிதர்களிடம் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்த துறை, என்ன நன்றாக இருக்கிறது என்பதையும் அதே கண்டிப்போடு ஆராய வேண்டும் என்றார். 2004இல் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் அவரும் 24 குணபலங்களைத் தொகுத்தார்கள். 2005இல் வந்தது, எல்லோரும் மேற்கோள் காட்டும் அவர்களுடைய அந்தச் சோதனை.

இணையம் வழியாக வந்து சேர்ந்த 577 பேர். ஆளுக்கொரு பயிற்சி, ஒரே ஒரு வாரம். ஒரு குழு தினமும் இரவில் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதியது. இன்னொரு குழு தன் பலம் ஒன்றை ஒவ்வொரு நாளும் புது விதமாகப் பயன்படுத்தியது. மற்றொரு குழு, உதவி செய்தும் நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தது. கடிதக் குழுவுக்கு உடனே பெரிய மகிழ்ச்சி. ஆனால் அது ஒரு மாதத்தைத் தாண்டி நிற்கவில்லை. முதல் இரண்டு குழுக்களில் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. பிறகு இதே வகைப் பயிற்சிகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில், 2009இல் வந்தது நல்ல பலன் என்றது. 39 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு 2013இல் வந்தது, பலன் உண்டு ஆனால் சிறியது என்றது. இரண்டாவதைத்தான் நான் நம்புகிறேன்.

அது கிடக்கட்டும். அந்த 577 பேர் யார்? தாமாக ஒரு இணையதளத்தைத் தேடி வந்த பெரியவர்கள். எழுதப் பிடிக்காவிட்டால் கணினியை மூடிவிட்டுப் போகலாம். நம் வார்டில் இருக்கும் பதினைந்து வயதுப் பெண் அப்படி வரவில்லை. அப்பாவும் மாமாவும் ஆட்டோவில் அழைத்து வந்திருக்கிறார்கள். செல்போனை வாங்கி வைத்துவிட்டார்கள். ஜன்னலில் கம்பி வலை. பக்கத்துப் படுக்கையில் யாரோ இரவெல்லாம் அழுகிறார்கள். அவளிடம் ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டி “இன்னைக்கு நடந்த மூணு நல்ல விஷயத்தை எழுதும்மா” என்றால் அவள் என்ன எழுதுவாள்? புத்திசாலியாக இருந்தால் நாம் படிக்க விரும்புவதை எழுதுவாள். உண்மையாக யோசிக்கிறவளாக இருந்தால் ஒன்றும் எழுத மாட்டாள். அன்று நடந்த நல்லது ஒன்றுமில்லை என்று அவளுக்கே எழுத்தில் உறுதியாகிவிடும்.

பிறகு எதற்கு இந்த முயற்சி, மருந்தும் பேச்சும் போதாதா என்று கேட்கலாம். போதாது. கோரி கீஸ் என்ற சமூகவியலாளர் 2002இல் ஒரு விஷயத்தைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். நோய் குறைவது ஒரு அளவுகோல், வாழ்க்கை நிறைவாக இருப்பது வேறொரு அளவுகோல். ஒன்று ஏறினால் மற்றது தானாக ஏறும் என்று எண்ணக் கூடாது. வார்டிலிருந்து வீட்டுக்குப் போன பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அழுகை நின்றிருக்கும், தூக்கம் வந்திருக்கும், மருந்து சரியாகப் போகும். ஆனால் கிரிக்கெட் மட்டை மூலையில் கிடக்கும். பிடித்த சிநேகிதி வீடு தேடி வந்தாலும் “அப்புறம் பாக்கலாம்” என்பாள். ருசி போய்விட்டது. மனச்சோர்வில் துயரம் ஒரு பாதி என்றால், இன்பத்தை எதிர்பார்க்கவும் அனுபவிக்கவும் முடியாமல் போவது மறு பாதி. வழக்கமான சிகிச்சைகள் முதல் பாதியைத்தான் நன்றாகக் கவனிக்கின்றன. மிஷெல் கிராஸ்க் என்ற ஆய்வாளரின் குழு 2019இல் 96 பெரியவர்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டாம் பாதியையே குறிவைத்த சிகிச்சை நல்லுணர்வுகளைக் கூட்டியதோடு, துயரத்தை மட்டும் குறிவைத்த சிகிச்சையைவிட மனச்சோர்வையும் கூடுதலாகக் குறைத்தது. அதில் உற்சாகப் பேச்சு இல்லை. என்ன செய்யலாம் என்று திட்டமிடுவது, செய்வது, செய்தபோது எப்படி இருந்தது என்பதை நின்று நினைவில் ஓட்டிப் பார்ப்பது, இவைதான் அதன் முக்கியப் பகுதி.

இனி, சரிப்பட்டு வராத இடங்களைச் சொல்கிறேன். இவற்றைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

கனடாவில் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ‘நான் அன்புக்குரியவள்’ என்பது போன்ற ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டும். தன்மதிப்பு ஏற்கனவே உயர்ந்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. தன்மதிப்பு தாழ்ந்தவர்களுக்கு முன்பைவிட மோசமாக இருந்தது. சொல்லும்போதே உள்ளேயிருந்து ‘யாரு, நீயா?’ என்ற பதில் வருகிறதோ என்னவோ. வார்டில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாவது வகை என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட வாசகங்களைச் சுவரில் எழுதிவைப்பதை நிறுத்தினாலே பாதி வேலை ஆனது மாதிரி.

இரண்டாவது, பாஸ்டனில் உள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்தது. தற்கொலை எண்ணத்தோடு அனுமதிக்கப்பட்ட 61 உள்நோயாளிகளுக்கு ஜெஃப் ஹஃப்மன் குழு ஒன்பது பயிற்சிகளைக் கொடுத்துப் பார்த்து, 2014இல் வெளியிட்டது. நன்றி, சொந்த பலம் சார்ந்த பயிற்சிகள் நம்பிக்கையைக் கொஞ்சம் ஏற்றின; மன்னித்துக் கடிதம் எழுதும் பயிற்சி அவ்வளவாக உதவவில்லை. நல்ல தொடக்கம். அதே குழு அடுத்து ஒரு முறையான ஒப்பீடு செய்தது. 65 பேர், பாதிப் பேருக்கு நேர்மறைப் பயிற்சிகள், மீதிப் பேருக்குத் தம் எண்ணங்களைக் கவனித்துப் பார்க்கும் சாதாரணப் பயிற்சி, ஆறு வாரம், தொலைபேசி வழியாக. 2017இல் முடிவு வந்தது. நம்பிக்கையின்மையைக் குறைப்பதில் சாதாரணப் பயிற்சியே முந்தியது. தங்களுக்குச் சாதகமில்லாத முடிவை மறைக்காமல் வெளியிட்டார்களே, அதற்காகவே அந்தக் குழுவின் மீது எனக்கு மரியாதை.

ஏன் அப்படி ஆனது என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகம்தான். ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ‘உனக்கு உதவியவர்களை எண்ணிப் பார்’ என்றால், அவர் எண்ணுவது நன்றியை அல்ல, கடனை. நம் வீடுகளில் இது இன்னும் தீவிரம். “உனக்கு என்ன குறை வெச்சோம்? ஃபீஸ் கட்டறதுக்கு நகையை வெச்சேன், தெரியுமா?” இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு நன்றி என்பது வட்டியோடு நிற்கும் பாக்கி. அம்மாவுக்கு நன்றிக் கடிதம் எழுது என்று ஆலோசகர் சொன்னால், அந்தப் பாக்கியை வசூலிக்க ஆஸ்பத்திரியும் சேர்ந்துகொண்டது என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். நன்றிப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் பெற்றோரிலிருந்து தொடங்காதீர்கள். வெயிலில் நின்றபோது தண்ணீர் கொடுத்த பெயர் தெரியாத கடைக்காரரிலிருந்து தொடங்கலாம். திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசியமில்லாத உதவியிலிருந்து தொடங்கலாம்.

பிள்ளைகளுக்கென்றே செய்யப்பட்ட முயற்சிகளில் எனக்குப் பிடித்தது ஷெர்லி யென் என்ற உளவியலாளரின் குழு உருவாக்கியது. தற்கொலை அபாயத்தால் அனுமதிக்கப்பட்ட வளரிளம் பருவத்தினருக்கானது. முதல் சோதனையில் 20 பேர், அடுத்ததில் 52 பேர். சிறிய ஆய்வுகள்தான், பெரிதாக எதையும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் அமைப்பைப் பாருங்கள். மூன்றே திறன்கள்: இந்தக் கணத்தைக் கவனிப்பது, நன்றி, நல்லதை நின்று நிதானமாக அனுபவிப்பது. வார்டில் இருக்கும்போது சில அமர்வுகள், குடும்பத்தோடும் பேச்சு. அதன் பெரும்பகுதி நடப்பது வீட்டுக்குப் போன பிறகு: வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு, தினமும் ஒரு குறுஞ்செய்தி. இன்று மனநிலை எப்படி, எந்தத் திறனைச் செய்து பார்த்தாய் என்ற அளவில் சின்னக் கேள்விகள். மனநல வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் மூன்று மாதங்கள்தான் உயிருக்கு அதிக அபாயமான காலம் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியான செய்தி. நம் வழக்கமோ, டிஸ்சார்ஜ் தாளைக் கையில் கொடுத்து “ஒரு மாசம் கழிச்சு ஓ.பி.க்கு வாங்க” என்பது.

சரி, வார்டுக்குள் திரும்புவோம். உலகெங்கும் பல காப்பகங்களில் ‘புள்ளி’ முறை என்று ஒன்று இருந்தது, இன்னும் இருக்கிறது. நல்லபடி நடந்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் தொலைக்காட்சி, வெளியே நடை, வீட்டுக்குப் பேச அனுமதி. தப்பு செய்தால் எல்லாம் பறிபோகும். நேர்மறைப் பயிற்சியை இதற்குள் நுழைத்துவிடும் ஆசை நிர்வாகத்துக்கு எளிதில் வரும்: நன்றி நோட்டை நிரப்பினால் இரண்டு புள்ளி. அந்த நிமிடமே அது பொய் சொல்லும் பயிற்சியாகிவிடும். வீட்டுக்குப் பேசுவது பிள்ளையின் தேவை, பரிசு அல்ல.

இதற்கு மாற்று என்ன என்பதற்கு யேல் பல்கலைக்கழகம் சார்ந்த 15 படுக்கைக் குழந்தைகள் வார்டு ஒன்றின் கதை உண்டு. அங்கே குழந்தைகளைப் பிடித்து அமுக்குவதும் கட்டிவைப்பதும் ஆண்டுக்கு 263 முறை நடந்துகொண்டிருந்தது. ராஸ் கிரீன் வகுத்த ஒரு முறையை ஊழியர் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். கோபத்தில் கொதிக்கும் குழந்தையிடம் உத்தரவு போடாமல், ‘உனக்கு என்ன கஷ்டம், எனக்கு என்ன கவலை, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி என்ன செய்யலாம்’ என்று கூடி உட்கார்ந்து முடிவெடுப்பதுதான் முறை. 2008இல் வெளியான கணக்குப்படி 263 என்பது 7 ஆனது. தனியறையில் அடைப்பது 432இலிருந்து 133 ஆனது. இதை யாரும் நேர்மறை உளவியல் என்று அழைக்கவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் மாலை வேளையில் நல்லது என்று எழுத ஏதாவது இருக்க வேண்டுமானால், முதலில் அந்த மாலையில் அதை யாரும் கட்டிவைத்திருக்கக் கூடாது. எனக்கு இந்த வரிசைதான் முக்கியம்.

இங்கே மீண்டும் அந்த நாய்கள் வருகின்றன. மேயரும் செலிக்மனும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், தங்கள் பழைய விளக்கத்தையே திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தின் முன் முடங்குவது கற்றுக்கொண்ட பாடம் அல்ல. அது உயிரின் இயல்பான பதில். மூளை கற்றுக்கொள்வது இன்னொன்றை: ‘என் கையில் ஏதோ இருக்கிறது’ என்பதை. மூளை ஆய்வில் மேயர் கண்டவற்றிலிருந்து வந்த முடிவு இது. வார்டு நடத்துகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி அந்தத் துறையிலிருந்து வந்ததாக எனக்குத் தெரியவில்லை. நாள் முழுவதும் மற்றவர் முடிவெடுக்கும் இடத்தில் பிள்ளை முடங்கித்தான் கிடக்கும். முதலில் குளியலா டிபனா, சுவரோரக் கட்டிலா ஜன்னலோரக் கட்டிலா, இன்று குழுப் பேச்சுக்கு வருவதா ஓரத்தில் உட்கார்ந்து வரைவதா. இவை சின்ன விஷயங்கள் என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், நமக்கு இவை எப்போதும் கிடைத்துக்கொண்டிருப்பதுதான்.

குணபலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள்: என்ன தொல்லை, எப்போதிலிருந்து, குடும்பத்தில் வேறு யாருக்கு. பையனுக்கு மொபைல் பழுதுபார்க்கத் தெரியும், தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அதற்கென்று ஒரு வரி சேர்ப்பதற்கு அரசாணை வேண்டியதில்லை. அடுத்து, அந்தப் பலம் இன்னொருவருக்குப் பயன்படும்படி இடம் செய்ய வேண்டும். பிரெண்ட்ரோவும், லகோட்டா பழங்குடியைச் சேர்ந்த உளவியலாளர் மார்ட்டின் புரோக்கன்லெக்கும், ஸ்டீவ் வான் பாக்கெர்னும் 1990இல் எழுதிய நூலில் குழந்தைக்கு வேண்டியவை நான்கு என்றார்கள்: ஓர் இடத்தைச் சேர்ந்தவன் என்ற உணர்வு, ஏதாவது ஒன்றில் தேர்ச்சி, சொந்த முடிவு, பிறருக்குக் கொடுக்கும் வாய்ப்பு. நான்காவதை நாம் மறந்துவிடுகிறோம். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: பிள்ளைகளை வெறுமனே குழுவாக உட்காரவைத்தால் ஒருவருக்கொருவர் நல்லதையே கற்றுக்கொடுப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். 1999இல் தாமஸ் டிஷியன் குழு காட்டியது அதற்கு நேர்மாறு. பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் யார் என்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. மேற்கத்திய வார்டில் பிள்ளை தனியாகத்தான் இருக்கும். பெற்றோர் பார்வை நேரத்தில் வந்து போவார்கள். நம்முடைய 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவர் தங்கும் காலம் முழுவதும் அவருடைய நியமனப் பிரதிநிதியோ அவர் அமர்த்தும் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும் என்கிறது. பெரியவர்களின் வார்டில் சேர்க்காமல் தனி இடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்துக்கு வெகு முன்பே இங்கே இந்த வழக்கம் உண்டு. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பங்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். 1957இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் குடும்பத்தைக் கூடவே தங்கவைப்பதில் முன்னோடி. ஆக, நம் வார்டுகளில் மீதி 23 மணி நேரம் பெரும்பாலும் அம்மாவின் கையில் இருக்கிறது. அந்த அம்மா எப்படி இருக்கிறாள்? கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து அரைத் தூக்கம். வீட்டில் இன்னொரு குழந்தை பக்கத்து வீட்டார் பொறுப்பில். கணவர் போனில் “எப்ப அனுப்புவாங்களாம்?” என்கிறார். அவளிடம் போய் ‘பிள்ளையிடம் பாசிட்டிவாகப் பேசுங்கள்’ என்று ஆலோசனை சொல்வது கொடுமை.

அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது பேச்சு அல்ல என்று நினைக்கிறேன். மாலை ஐந்து மணி டீக்கும் இரவு மாத்திரைக்கும் நடுவே வார்டில் ஒரு நீண்ட வெற்று நேரம் உண்டு. அதில் அரை மணி, பிள்ளை தேர்ந்தெடுத்த ஏதாவது ஒன்றை அம்மாவும் சேர்ந்து செய்யட்டும்: கேரம், தாயம், வளாகத்தில் ஒரு நடை. பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் அந்த அரை மணியில் பேச்சு கிடையாது. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: “இதுல எது நல்லா இருந்துச்சு?” ஒன்றுமில்லை என்று சொன்னால் சரி என்று விட்டுவிட வேண்டும். நாலாம் நாளோ பத்தாம் நாளோ “அந்த ஸ்ட்ரைக்கர் ஷாட்” என்று ஒரு பதில் வந்தால், செலிக்மனின் நோட்டில் எழுத வேண்டியது அதுதான்; எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அந்த நேரத்தில் வேறொரு நாள் செவிலியர் ஒருவர் பிள்ளையோடு இருந்து, அம்மாவைத் தூங்க அனுப்பலாம். வார்டுச் செலவில் இதைவிட மலிவான சிகிச்சை இல்லை.

கடைசியாக, வீட்டுக்குப் போன பின்பு. அவசரத்தில் அழைக்க டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. 24 மணி நேரமும், தமிழிலும். டிஸ்சார்ஜ் தாளில் அதை அச்சடித்துவிடலாம். ஆனால் பிள்ளை அழைக்கக் காத்திருக்காமல் நாம் அழைப்பதுதான் யென் குழுவின் முறையில் உயிர்நாடி. முதல் வாரத்திலிருந்தே வாரம் ஒரு முறை, மூன்று மாதம்; ஐந்து நிமிடம் போதும். எல்லா வார்டிலும் சொல்வார்கள், ஆள் இல்லை என்று. உண்மைதான், சமூகப்பணியாளர் ஒருவரே மூன்று வார்டு பார்க்கிற இடங்கள் உண்டு. அப்படியானால் மாதம் பத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வார்டில், எந்த நேரத்தில் எந்த ஒருவர் நிறுவனத்தின் போனிலிருந்து பேசுவார் என்பதை வார்டுக் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, பெயரோடு பணிப்பட்டியலில் எழுத வேண்டும். இங்கே வந்திருக்கும் தலைமைச் செவிலியர்களில் யாராவது அப்படி எழுதிப் பார்த்திருந்தால், இப்போது கேள்வி நேரத்தில் முதலில் அவர்கள் பேசட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.